ஸ்பார்ஸ் கோப்பை நகலெடுத்தால் ஏன் ஊதிப்போகிறது? பைத்தானில் ஓட்டைகளைக் காப்பாற்றுவது பற்றிய கேள்வி பதில்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்து ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தோட்ட ஆபீஸ்காரர்கள். அவர்களுடைய பழைய சம்பளக் கணக்கு மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. அதனால் பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது மென்பொருளாகவே ஓடும் கணினிக்குள், அடைத்து, லினக்ஸ் பெட்டி ஒன்றில் ஓடவிடுவோம். அந்த மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பை நகலெடுக்கப் போய் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கடையில் வேலை பழகும் பையன்கள் கேட்ட கேள்விகளும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் கீழே.

அப்படி என்ன மாட்டிக்கொண்டீர்கள்?

டிஸ்க் கோப்பின் அளவு 120 ஜிபி. ஆனால் அது ஹார்ட்டிஸ்க்கில் பிடித்திருந்த இடம் 19 ஜிபிதான். பக்கத்திலேயே 240 ஜிபி டிஸ்க் ஒன்றை மாட்டி, தினமும் இரவில் பைத்தான் மொழியில் கோப்புகளை நகலெடுக்கும் ஷூட்டில் மாட்யூலின் காப்பி2 மூலம் ஒரு நகல் எடுத்து, கடைசி ஏழு நகல்களை வைத்திருக்கும்படி நிரல் எழுதினேன். ஏழு பத்தொன்பது 133, தாராளமாகப் போதும் என்பது என் கணக்கு. இரண்டாவது இரவே டிஸ்க் நிரம்பிவிட்டது. சம்பள வாரம் வேறு. காலையில் தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியார் கூப்பிட்டு, "தம்பி, நேத்து பேக்கப் ஆகலியாம், இடம் இல்லன்னு சொல்லுது" என்றார். போய்ப் பார்த்தால், முதல் நகலே 120 ஜிபியை முழுசாகத் தின்றிருந்தது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று அரை நாள் அதைச் சந்தேகப்பட்டேன். கோளாறு என் நிரலில்.

ஸ்பார்ஸ் கோப்பு என்றால் என்ன?

பழைய தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு எண் உண்டு. எண் நாற்பது வரை போகும். இடித்தவை போக நிற்கிற வீடு பன்னிரண்டுதான் இருக்கும். இருந்தாலும் 37ஆம் எண் வீடு 37ஆம் எண்தான்; நடுவில் வீடு இல்லை என்பதற்காக யாரும் எண்ணை மாற்றுவதில்லை. ஸ்பார்ஸ் கோப்பும் அப்படித்தான். டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. கோப்பின் நீளம் 120 ஜிபி என்று அது குறித்து வைத்திருக்கும். தரவு எழுதப்பட்ட இடங்களுக்கு மட்டும் டிஸ்க்கில் தொகுதிகளை ஒதுக்கியிருக்கும். எதுவும் எழுதாத பகுதிக்கு ஓட்டை என்று பெயர். அந்தப் பகுதியைப் படிக்கக் கேட்டால், கோப்பு முறைமை டிஸ்க்கைத் தொடாமலே பூஜ்ஜியங்களைக் கொடுத்துவிடும்.

இங்கேதான் சிக்கல். படிக்கிற நிரலுக்கு ஓட்டையும் தெரியாது, உண்மையான பூஜ்ஜியமும் தெரியாது. இரண்டும் ஒன்றுபோலவே வரும். அப்பாவியாகப் படித்து அப்பாவியாக எழுதும் நிரல், இடிந்த இருபத்தெட்டு வீடுகளையும் புதிதாகக் கட்டிக் காலியாகப் பூட்டி வைத்துவிடும்.

என் கோப்பு ஸ்பார்ஸ்தானா என்று எப்படிப் பார்ப்பது?

லினக்ஸில் டியூ கட்டளை பிடித்த இடத்தைச் சொல்லும். அதற்கே அப்பாரென்ட் சைஸ் என்ற தெரிவைக் கொடுத்தால் நீளத்தைச் சொல்லும். இரண்டும் வேறுபட்டால் சந்தேகப்படலாம். பைத்தானில் ஓஎஸ்.ஸ்டாட் தரும் விடையில் எஸ்டி_சைஸ் என்பது நீளம், எஸ்டி_பிளாக்ஸ் என்பது ஒதுக்கிய தொகுதிகள். எஸ்டி_பிளாக்ஸை 512ஆல் பெருக்க வேண்டும், 4096ஆல் அல்ல. கோப்பு முறைமையின் தொகுதி 4096 பைட்டாக இருந்தாலும் லினக்ஸில் இந்த எண்ணின் அலகு 512 பைட்தான். என் பையன் ஒருவன் இதில் தவறி, கோப்பு தன் நீளத்தைவிட அதிக இடம் பிடிக்கிறது என்று பதறி ஓடிவந்தான்.

பிடித்த இடம் குறைவாக இருந்தாலே ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தரவைச் சுருக்கி வைக்கும். அப்போதும் எண் குறைவாகத்தான் வரும்.

ஷூட்டில் ஏன் ஓட்டையைக் காப்பாற்றுவதில்லை?

அது அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை. அதன் அடிப்படைச் செயலியான காப்பிஃபைல் சொல்வது ஒன்றுதான்: உள்ளடக்கம் பைட்டுக்குப் பைட் அப்படியே வரும். ஓட்டை உள்ளடக்கம் அல்ல, ஒதுக்கீடு. காப்பி2 கூடுதலாக நேர முத்திரை, அனுமதி போன்றவற்றைக் கொண்டுவர முயலும். அந்தப் பட்டியலிலும் ஒதுக்கீடு கிடையாது. முழு அடைவையும் நகலெடுக்கும் காப்பிட்ரீயும் உள்ளுக்குள் காப்பி2தான்.

பைத்தான் 3.8இல் காப்பிஃபைல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சென்ட்ஃபைல் என்ற அழைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. தரவு நிரலின் நினைவகத்துக்கு வந்து போகாமல் கெர்னலுக்குள்ளேயே நகர்வதால் வேகம். கெர்னலே செய்வதால் ஓட்டையையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நானும் நம்பியிருந்தேன். அது பார்த்துக்கொள்வதில்லை. ஓட்டையிலிருந்து பூஜ்ஜியங்களை எடுத்து மறுபக்கம் எழுதித் தள்ளும், அவ்வளவுதான்.

ஷூட்டில்.மூவ் இன்னும் குசும்பு. ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்தினால் அது வெறும் பெயர் மாற்றம்; ஓட்டை அப்படியே இருக்கும். வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால் காப்பி2 செய்து பழையதை அழிக்கும், ஓட்டை போய்விடும். சோதனையை ஒரே டிஸ்க்கில் செய்துவிட்டு நிஜ வேலையை இரண்டு டிஸ்க்கில் செய்தால், சோதனையில் நன்றாக ஓடியது நிஜத்தில் ஊதும்.

லினக்ஸில் நகலெடுக்கும் சிபி கட்டளை ஒழுங்காகச் செய்கிறதே?

செய்கிறது. க்னூ சிபிக்கு ஸ்பார்ஸ் என்ற தெரிவு உண்டு. சும்மா விட்டால் ஆட்டோ, அதாவது மூலக் கோப்பு ஓட்டையுள்ளதாகத் தெரிந்தால் நகலிலும் ஓட்டை வைக்கும். ஆல்வேஸ் என்றால் நீளமான பூஜ்ஜியப் பகுதி எதைக் கண்டாலும் ஓட்டையாக்கும். நெவர் என்றால் எல்லாவற்றையும் நிரப்பும். நகலெடுக்கும் இன்னொரு கருவியான ஆர்சிங்க்குக்குப் பெரிய எழுத்து எஸ் தெரிவை நாமாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் நிரப்பித்தான் வைக்கும்.

உண்மையைச் சொன்னால், உங்கள் வேலை லினக்ஸில் மட்டும் என்றால், வேறு கட்டளைகளை ஓட்டும் பைத்தானின் சப்பிராசஸ் வழியாகச் சிபியையே கூப்பிட்டுவிடுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம், நகல் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கிராணியாருக்குத் திரையில் காட்ட வேண்டியிருந்தது.

சரி, பைத்தானிலேயே எப்படிச் செய்வது?

தரவு எங்கே இருக்கிறது என்று கோப்பு முறைமையிடமே கேட்க வேண்டும். அதற்கு, கோப்புக்குள் ஓரிடத்துக்கு நகர்த்தும் எல்சீக் அழைப்பில் இரண்டு சிறப்பு வழிகள் உண்டு. சீக்_டேட்டா என்றால், இந்த இடத்திலிருந்து அடுத்த தரவு எங்கே தொடங்குகிறது. சீக்_ஹோல் என்றால், இந்த இடத்திலிருந்து அடுத்த ஓட்டை எங்கே தொடங்குகிறது. சோலாரிஸில் பிறந்த யோசனை இது. லினக்ஸ் கெர்னலுக்கு 2011இல் 3.1 பதிப்பில் வந்தது. பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் 3.3 முதல் இருக்கிறது.

நிரலின் போக்கு இப்படி. மூலக் கோப்பைத் திறந்து, எஃப்ஸ்டாட் மூலம் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகலைப் புதிதாக, காலியாகத் திறங்கள். இடம் என்ற மாறியைப் பூஜ்ஜியத்தில் தொடங்குங்கள். சுற்றுக்குள், அந்த இடத்திலிருந்து சீக்_டேட்டா கேளுங்கள். விடை ஒரு தரவுத் துண்டின் தொடக்கம். அந்தத் தொடக்கத்திலிருந்து சீக்_ஹோல் கேளுங்கள். விடை துண்டின் முடிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை மட்டும் படித்து, நகலில் அதே இடத்தில் எழுதுங்கள். இடத்தை முடிவுக்கு நகர்த்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். நகலில் நீங்கள் தொடாமல் தாண்டிய பகுதிகள் தானாகவே ஓட்டையாக இருக்கும்.

இருபது வரிகூட வராது. ஆனால் அந்த இருபது வரிக்குள் நான் விழுந்த குழிகள் நான்கு.

முதலாவது, அதற்கு மேல் தரவே இல்லை என்றால் சீக்_டேட்டா எண்ணைத் தராது, பிழையை எறியும். ஓஎஸ்எரர் வரும், அதன் எர்நோ, அதாவது பிழை எண், இஎன்எக்ஸ்ஐஓ. அது பிழை அல்ல, வேலை முடிந்தது என்ற செய்தி. அதை மட்டும் பிடித்துச் சுற்றை முடியுங்கள். எல்லா ஓஎஸ்எரரையும் பிடித்து விழுங்கினால், டிஸ்க் உண்மையாகவே கெட்டுப்போன நாளில் பாதி நகலோடு நிரல் சந்தோஷமாக முடிந்துவிடும். சீக்_ஹோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் முடிவையே ஒரு ஓட்டையாகக் கணக்கிட்டு விடை சொல்லும்.

இரண்டாவது, கோப்பு ஓட்டையில் முடிந்தால் நகல் குட்டையாகிவிடும். கடைசித் தரவுக்குப் பிறகு நாம் எதுவும் எழுதவில்லை அல்லவா? அதனால் சுற்று முடிந்ததும் ஓஎஸ்.எஃப்டிரங்கேட் மூலம் நகலின் நீளத்தை மூலத்தின் நீளத்துக்குச் சமமாக்க வேண்டும். இந்த ஒரு வரியை நான் முதலில் மறந்துவிட்டேன். மெய்நிகர் கணினி அந்த நகலை எடுத்துக்கொண்டு, டிஸ்க்கின் பகிர்வு டிஸ்க்கைத் தாண்டிப் போகிறதே என்று அடம்பிடித்தது.

மூன்றாவது, நகலைக் காலி செய்யாமல் பழைய கோப்பின் மேலேயே எழுதினால், நாம் தாண்டிய இடங்களில் பூஜ்ஜியம் இருக்காது, நேற்றைய தரவு இருக்கும். இது மோசமான தவறு, ஏனென்றால் நீளம் சரியாக இருக்கும், நிரலும் பிழை சொல்லாது. புதுப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயர் மாற்றுவது நல்ல பழக்கம்.

நான்காவது, ஓப்பன் தரும் பொருளின் ரீட், ரைட் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைநினைவகம் இருக்கிறது. அதை ஓஎஸ்.எல்சீக்குடன் கலந்தால் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று குழம்பிவிடும். ஓஎஸ்.பிரீட், ஓஎஸ்.பிரைட் இரண்டையும் பயன்படுத்துங்கள். இடத்தை ஒவ்வொரு முறையும் நாமே சொல்வதால் குழப்பமே இல்லை. பிரைட் கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்பக்கூடும். எழுதிய எண்ணிக்கையைப் பார்த்து மீதியை மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு மெகாபைட் ஒரு மெகாபைட்டாகப் படித்தால் போதும். ஓட்டைக்கு நடுவில் 40 ஜிபி தரவுத் துண்டு ஒன்று வந்து, அதை ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் இழுத்தால் பெட்டி படுத்துவிடும்.

கடைசியில் அனுமதி, நேரம் வேண்டும் என்றால் ஷூட்டில்.காப்பிஸ்டாட்டைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பின் பகுதியை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கெர்னலின் காப்பி_ஃபைல்_ரேஞ்ச் அழைப்பே போதாதா?

கோப்பு முறைமையைப் பொறுத்தது. பிடிஆர்எஃப்எஸ்ஸிலும், ரீஃப்ளிங்க் வசதியுள்ள எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் ஒரே கோப்பு முறைமைக்குள் நகலெடுத்தால், தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டு கண்மூடித் திறப்பதற்குள் முடியும், ஓட்டையும் பத்திரம். இஎக்ஸ்டி4இல் ரீஃப்ளிங்க் இல்லை, உண்மையாகவே நகலெடுக்கும். அப்போது ஓட்டைகள் நிரம்பக்கூடும் என்று அந்த அழைப்பின் கையேட்டுப் பக்கமே எச்சரித்து, சீக்_டேட்டா, சீக்_ஹோல் சுற்றோடு சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறது. மேலே சொன்ன சுற்றில் பிரீட், பிரைட் இருக்கும் இடத்தில் ஓஎஸ்.காப்பி_ஃபைல்_ரேஞ்சை வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும். பைத்தானில் 3.8 முதல் உண்டு.

கோ, ரஸ்ட் மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். கோவின் ஐஓ.காப்பி 1.15 முதல் லினக்ஸில் இரண்டு கோப்புகளுக்கு இடையே இந்த அழைப்பை உள்ளுக்குள் பயன்படுத்துகிறது. ரஸ்ட்டின் எஃப்எஸ்::காப்பியும் அப்படியே. ஓட்டை தங்குவதும் போவதும் கீழே இருக்கும் கோப்பு முறைமையின் தயவு.

சீக்_டேட்டா வேலை செய்யாத இடத்தில்?

பிழை வராது, ஆனால் பயனும் இராது. ஓட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாத கோப்பு முறைமை, முழுக் கோப்பும் தரவு, முடிவில்தான் ஓட்டை என்று சொல்லும். அப்போது பூஜ்ஜியத்தை நாமே தேட வேண்டியதுதான். 4096 பைட் துண்டாகப் பார்த்து, முழுவதும் பூஜ்ஜியமாக இருந்தால் எழுதாமல் தாண்டுங்கள். ஒவ்வொரு பைட்டாகச் சுற்றிப் பார்க்காதீர்கள், விடிந்துவிடும். அதே நீளத்துக்குப் பூஜ்ஜிய பைட்ஸ் பொருள் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்து, சமமா என்று ஒப்பிட்டால் வேகமாக முடியும். மூலம் முழுவதையும் படித்தே ஆக வேண்டும் என்பதால் நேரம் மிச்சமாகாது, இடம் மட்டும் மிச்சமாகும்.

வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு நகலெடுத்தால் எப்படியும் ஊதுகிறதே?

அந்த டிஸ்க்கின் கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டுக்கும் ஓட்டை என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு நல்ல நிரல் எழுதினாலும் அங்கே நீளம் எவ்வளவோ அவ்வளவு இடம். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவே முடியாது. கடைக்கு வரும் வெளி டிஸ்க்குகளில் பத்துக்கு ஒன்பது எக்ஸ்ஃபேட்தான், விண்டோஸிலும் மேக்கிலும் செருக வேண்டும் என்பதால்.

இரண்டு வழி. டிஸ்க்கை இஎக்ஸ்டி4ஆக மாற்றுவது. அது முடியாதென்றால், கோப்பைப் பொட்டலமாகக் கட்டுவது. அப்படிக் கட்டும் க்னூ டார் கட்டளைக்கும் பெரிய எழுத்து எஸ் தெரிவு உண்டு. ஓட்டைக்குப் பதிலாக அது இருக்கும் இடத்தின் வரைபடத்தை மட்டும் உள்ளே வைக்கும். பைத்தானின் டார்ஃபைல் மாட்யூலோ அப்படிப்பட்ட டாரைப் பிரித்து ஓட்டையோடு மீட்கத் தெரிந்தது, கட்டத் தெரியாதது. மெய்நிகர் டிஸ்க் என்றால், மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு மென்பொருளின் இமேஜ் கருவியால் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நிம்மதி. எழுதப்பட்ட பகுதி மட்டுமே அந்தக் கோப்புக்குள் இருக்கும், எந்தக் கோப்பு முறைமையிலும் சின்னதாகவே கிடக்கும்.

விண்டோஸில்?

விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஓட்டை தெரியும், ஆனால் கேட்டால்தான் கொடுக்கும். கோப்பின் மேல் ஸ்பார்ஸ் என்ற கொடியை முதலில் ஏற்ற வேண்டும். எஃப்எஸ்யூட்டில் ஸ்பார்ஸ் கட்டளை அதைச் செய்யும். கொடி இல்லாமல் வெறுமனே தாண்டிப் போய் எழுதினால் நடுவில் உள்ள இடமும் ஒதுக்கப்பட்டுவிடும். எஸ்டி_பிளாக்ஸும் விண்டோஸ் பைத்தானில் கிடையாது. மேக்கில் ஏபிஎஃப்எஸ் ஓட்டையை ஆதரிக்கிறது, பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஆதரிப்பதில்லை.

எல்லாக் கோப்பையும் ஓட்டையாக்கிவிடலாமா?

வேண்டாம். சில கோப்புகள் வேண்டுமென்றே இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஃபாலொகேட் மூலம் முன்பதிவு செய்த கோப்பு படித்தால் பூஜ்ஜியம்தான் தரும், ஆனால் இடம் அதன் பெயரில் இருக்கும். நம் சுற்று அதை ஓட்டை என்று எடுத்துக்கொண்டு நகலில் முன்பதிவை ரத்து செய்துவிடக்கூடும். நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் கோப்பில் ஓட்டை இருந்தால் லினக்ஸ் அதை ஏற்காது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். 240 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபி ஸ்பார்ஸ் கோப்புகள் ஐந்தை வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பத் தொடங்கினால், உள்ளே ஓடும் விண்டோஸ் தன் டிஸ்க்கில் நிறைய இடம் இருப்பதாக நினைத்து எழுதும். வெளியே இடம் இருக்காது. பேக்கப் டிஸ்க்கில் இது பரவாயில்லை. ஓடுகிற டிஸ்க்கில் செய்தால் ஒரு கண் வைத்துக்கொண்டே இருங்கள்.

நகல் சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு சோதனை, இரண்டும் தேவை. இரண்டு கோப்புக்கும் ஷா256, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண், எடுத்து ஒப்பிடுங்கள். ஓட்டை பூஜ்ஜியமாகவே படிக்கப்படுவதால் உள்ளடக்கம் சரி என்றால் எண் ஒன்றாகவே வரும். ஆனால் ஷா256 ஊதிப்போன நகலையும் சரி என்றுதான் சொல்லும், அதனால் எஸ்டி_பிளாக்ஸையும் ஒப்பிடுங்கள். எழுதி முடித்த கையோடு பார்த்தால் அந்த எண் பொய் சொல்லலாம், ஏனென்றால் சில கோப்பு முறைமைகள் ஒதுக்கீட்டைத் தள்ளிப்போடும். எழுதியதை டிஸ்க்குக்கே தள்ளும் ஓஎஸ்.எஃப்சிங்க் செய்துவிட்டுப் பாருங்கள். இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே எண் வர வேண்டும் என்றும் இல்லை, கிட்டத்தட்ட இருந்தால் போதும்.

மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் செய்யாதீர்கள். நாம் ஓட்டை என்று தாண்டிய இடத்தில் அடுத்த நொடியே அது எழுதியிருக்கும். நிறுத்திவிட்டு நகலெடுங்கள்.

விண்டோஸுக்குள் பழைய கோப்புகளை அழித்தேன். டிஸ்க் கோப்பு ஏன் சிறுக்கவில்லை?

கிராணியாரே கேட்டது இது. "பத்து வருசத்துச் சம்பளப் பதிவ வெளிய எடுத்துட்டேன் தம்பி, ஆனா சைஸ் அப்படியேதான் இருக்கு" என்றார். உள்ளே அழிப்பது பெயரை நீக்குவதுதான். பைட்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வெளியே இருக்கும் லினக்ஸுக்கு அவை இன்னும் தரவு. விண்டோஸ் 7 முதல் உள்ளவை, காலியான இடத்தை டிரிம் மூலம் டிஸ்க்குக்குச் சொல்லும். கியூஎமுவில் டிஸ்கார்ட் தெரிவை அன்மேப் என்று வைத்தால், அந்தச் செய்தி வெளியே வந்து உடனே ஓட்டையாகும். அவருடையது விண்டோஸ் எக்ஸ்பி, டிரிம் கிடையாது.

அதனால் சுற்றுவழி. உள்ளே எஸ்டிலீட் கருவியை இசட் தெரிவோடு ஓட்டினால் காலி இடம் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்பும். பிறகு எக்ஸ்பியை நிறுத்திவிட்டு, வெளியே ஃபாலொகேட் கட்டளையை டிக் ஹோல்ஸ் தெரிவோடு அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால், பூஜ்ஜியத் தொகுதிகள் ஓட்டையாகிவிடும். நகலெடுக்கத் தேவையில்லை, இருந்த இடத்திலேயே சிறுக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: நிரப்பும் நேரத்தில் கோப்பு முழு 120 ஜிபிக்கும் வீங்கும். அவ்வளவு இடம் வெளி டிஸ்க்கில் இல்லாவிட்டால் நடுவழியில் நின்றுவிடும். அவருடைய பெட்டியில் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். 31 ஜிபியாக வளர்ந்திருந்த கோப்பு 22க்கு இறங்கியது.